பிடித்த வரி எங்கே?

ஒப்பந்த வேலை செய்வோருக்குப் பணம் கொடுக்கையில் அதில் ஒரு பங்கை வருமான வரியாகப் பிடித்துச் சர்க்கார் கஜானாவில் கட்ட வேண்டும் என்ற விதி 1972 ஆம் வருஷம் நமது தேசத்தின் சட்டத்தில் ஏறிற்று. 1961 ஆம் வருஷத்துச் சட்டத்தில் 194சி என்று பெயர் பெற்ற அப்பிரிவு, 2026 ஏப்ரல் 1 முதல் என்று தேதி குறிக்கப்பட்ட 2025 ஆம் வருஷத்துச் சட்டத்தில் 393 ஆம் பிரிவுக்குள் அடங்கியிருக்கிறது. இலக்கம் மாறியதேயன்றி ஏழைக் காண்டிராக்டரின் தொல்லை மாறவில்லை.

விதியின் சுருக்கம் இது. ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேலாவது, வருஷம் முழுவதிலும் 1,00,000 ரூபாய்க்கு மேலாவது கொடுக்கும் கம்பெனியும், கூட்டு ஸ்தாபனமும், பெரிய வியாபாரியும், பெறுகிறவர் தனி மனிதராயின் நூற்றுக்கு 1 வீதமும் கம்பெனி முதலியனவாயின் 2 வீதமும் பிடிக்க வேண்டும். பான் எண் கொடாதவரிடம் நூற்றுக்கு 20! பிடித்ததை மறு மாதம் 7 ஆம் தேதிக்குள் கட்டி, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு பிடித்தோம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். பெற்றவருக்கு அத்தாட்சியும் கொடுக்க வேண்டும். வருமானத்தை மறைப்போர் இதனால் வெளிப்படுவர் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், வருஷத்தில் 10,00,000 ரூபாய்க்குச் சுவர்ப் பூச்சு வேலை எடுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஆட்கூலியும், சாயமும், சாரமும் போக அவர் கையில் நிற்பது சொற்பம். சிறு தொழிலுக்குச் சட்டமே அனுமதிக்கும் உத்தேசக் கணக்கின்படி, வரவில் நூற்றுக்கு 8 லாபம் என்றே வைத்தாலும் அவர் வருமானம் 80,000 ரூபாய்தான். 2025-26 ஆம் வருஷம் முதல், புதிய முறையில், 12,00,000 ரூபாய் வரை வருமானமுள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே அவர் சர்க்காருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு காசும் இல்லை. அவரிடம் பிடிக்கப்படுவதோ 10,000 ரூபாய். அதைத் திரும்பப் பெற அவர் ரிட்டர்ன் எழுதியாக வேண்டும். அதற்கு ஒருவருக்குக் கட்டணமும் கொடுத்தாக வேண்டும்.

இதுவாவது காலதாமதம். இதனினும் கொடியது ஒன்று உண்டு. பிடித்தவர் கட்டாமலோ, கணக்கு அனுப்பாமலோ இருந்துவிட்டால் என்ன கதி? நமது வக்கீல் தொழிலில், பில்லில் கழிவு காட்டிய காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். இலாகாவின் ஏட்டிலோ அவர்கள் பான் எண்ணுக்கு எதிரே ஒன்றும் இராது. வேலை கொடுத்தவரைக் கேட்டால் மறு வருஷம் வேலை கிடையாது என்ற அச்சம், பேசாமல் போய்விடுவார்கள்.

சட்டம் இவர்களை அடியோடு கைவிட்டதென்று சொல்வதற்கில்லை. பிடிக்கப்பட்ட தொகையளவுக்கு மறுபடியும் கேட்கலாகாதென்று 1961 ஆம் வருஷத்துச் சட்டத்தின் 205 ஆம் பிரிவு கூறிற்று. மத்திய நேரடி வரி போர்டாரும் 2015 ஜூனிலும் 2016 மார்ச்சிலும் அவ்விதமே தம் அதிகாரிகளுக்கு எழுதினார்கள். அக்கட்டளைகள் கேளாதே என்று சொல்லின. திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. வரியே கடன்படாத சுவர்ப் பூச்சுக்காரருக்குக் கேளாதிருப்பதால் வரும் நன்மை யாது? அவருக்கு வேண்டியது அவருடைய 10,000 ரூபாய். பிடித்துக் கட்டாதவருக்கு ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்று 1961 ஆம் வருஷத்துச் சட்டம் பயமுறுத்தியதும் உண்மையே. அவர் சிறை சென்றாலும் இவர் பணம் வந்து சேராது.

சர்க்கார் நம்ப விரும்பினால் நம்பத் தெரியும். பத்துக்கு மேற்படாத சரக்கு வண்டிகளை உடையவர் பான் எண்ணுடன் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பிடித்தம் கிடையாது என்பது 2015 ஜூன் முதல் ஏற்பட்ட ஏற்பாடு. நாமக்கல் லாரிக்காரர் இதனை நன்கறிவர். பணம் கொடுத்த விவரம் மட்டும் இலாகாவுக்குப் போகிறது. மறைவு ஒன்றும் இல்லை. பாங்கி வட்டி பெறுகிறவரும், தமக்கு வரி இல்லையென்று எழுதிக் கொடுத்துப் பிடித்தத்தை நிறுத்தலாம். சொந்த லாரி உள்ளவருக்கும், பாங்கியில் பணம் உள்ளவருக்கும் காட்டும் நம்பிக்கையை, தூரிகையும் ஏணியும் மட்டும் உடையவருக்குக் காட்டலாகாதா? இவர் சலுகை வேண்டுமானால் அதிகாரியிடம் மனுப் போட்டு அத்தாட்சி வாங்க வேண்டும்!

நாம் கோருவது இரண்டு. வரிக்கு உட்படாத சிறு காண்டிராக்டரின் உறுதிமொழியை ஏற்றுப் பிடித்தத்தை நிறுத்த வேண்டும். பில்லும் பாங்கிக் கணக்கும் காட்டிப் பிடித்தத்தை ருசுப்படுத்தியவருக்கு உடனே வரவு வைத்து, பாக்கியை இலாகாவே பிடித்தவரிடம் வசூலிக்க வேண்டும். அடுத்த நிதி மசோதாவுக்கு முன் நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதை எழுப்ப வேண்டும். அதுவரையில், தொழிற்சங்க நண்பர்கள் ஒவ்வொரு காலாண்டிலும் அத்தாட்சியைக் கேட்டு வாங்கும் வேலையைத் தனி மனிதர் தலையில் விடாமல் சங்கத்தின் பெயரால் ஏற்றுக்கொள்வார்களாக.