மனச்சோர்வைப் போக்குமா மஞ்சள் பூ?

ஐரோப்பாவில் வயல் ஓரங்களில் தானாக வளரும் பூண்டு ஒன்று உண்டு. அதன் பூ மஞ்சள் நிறம். மொட்டைக் கசக்கினால் சிவப்புச் சாறு வரும்! இலையை வெளிச்சத்தில் பிடித்தால், ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஜூன் 24-ந் தேதி புனித ஜான் திருநாள். அந்தச் சமயத்தில் பூப்பதால் இதற்குப் "புனித ஜான் பூண்டு" என்று பெயர்.

பழங்காலத்தில் இதைக் காயத்துக்குப் போட்டார்கள். மனம் சோர்ந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். ஜெர்மனியில் டாக்டர்களே இதை எழுதிக் கொடுப்பது உண்டு.

உண்மையில் இதற்குக் குணம் இருக்கிறதா?

மூன்று மாத்திரைகள்

அமெரிக்காவில் 340 நோயாளிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பூண்டின் சத்து. இன்னொரு பிரிவுக்கு "செர்ட்ராலின்" என்ற மருந்து. மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை!

யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. "மருந்து சாப்பிடுகிறோம்" என்ற நம்பிக்கையே சிலருக்குத் தெம்பு கொடுத்துவிடும் அல்லவா? அதனால்தான் இந்த ஏற்பாடு.

8 வாரம் கழிந்தது. முடிவு 2002-ம் ஆண்டில் வெளிவந்தது. பூண்டு சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 24 பேர் நன்கு குணம் அடைந்தார்கள். செர்ட்ராலின் சாப்பிட்டவர்களில் 25 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலோ 32 பேர்!

அப்படியானால் பூண்டு வீண்தானா? அப்படியும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால், பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் செர்ட்ராலினும் அந்தச் சோதனையில் வெற்றி பெறவில்லை.

2008-ம் ஆண்டில், 29 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் கலந்துகொண்டவர்கள் 5,489 பேர். வெறும் மாத்திரையைவிடப் பூண்டு நல்லது என்றும், மற்ற மருந்துகளுக்குச் சமமாக வேலை செய்கிறது என்றும் தெரிந்தது. ஆனால் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த சோதனைகளில்தான் பலன் அதிகமாகக் காணப்பட்டது!

இதயத்துக்கு வந்த ஆபத்து

சுவிட்சர்லாந்தில் மாற்று இதயம் பொருத்தப்பட்ட இரண்டு பேர் இந்தப் பூண்டைச் சாப்பிட்டார்கள். புதிய இதயத்தை உடம்பு ஏற்க மறுத்தது!

காரணம் என்ன? இந்தப் பூண்டு ஈரலை முடுக்கிவிடுகிறது. மற்ற மருந்துகளை ஈரல் சீக்கிரமாக அழித்துவிடுகிறது. இதயத்தைக் காக்கும் மருந்து அவர்கள் ரத்தத்தில் குறைந்துபோயிருந்தது. பூண்டை நிறுத்தியதும் அது பழைய அளவுக்கு வந்தது. இந்த விவரம் 2000-ம் ஆண்டில் வெளியாயிற்று.

கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தையும் இந்தப் பூண்டு குறைத்துவிடும். மனச்சோர்வு மருந்துகளுடன் சேர்த்துச் சாப்பிடுவதும் ஆபத்து.

"பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்று நினைப்பது தவறு. மருந்தாக வேலை செய்யும் எதற்கும் கெடுதல் செய்யும் சக்தியும் உண்டு.

வீட்டில் ஒருவர் பல நாட்களாகச் சாப்பாட்டில், தூக்கத்தில், பேச்சில் நாட்டம் இல்லாமல் இருந்தால், அதைச் சோம்பல் என்று ஏசக்கூடாது. டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் சாப்பிடும் பச்சிலை மருந்து எதுவானாலும் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.