செயலியில் இல்லாத தோட்டத்துப் பாட்டு

ஸ்பாட்டிஃபை செயலி 2013-இல் மலேசியாவுக்கு வந்தபிறகு, பாட்டு கேட்க ஈப்போ லிட்டில் இந்தியாவில் கேசட் தேடி அலையவேண்டிய தேவை போய்விட்டது. இளையராஜா பாட்டு கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கேசட்டின் இரைச்சலை இனிமை என்பது பழசின் மேலுள்ள பாசம்தான். ஆனால் சினிமாப் பாட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடக்கூடாது. பேராக் ரப்பர்த் தோட்டங்களில் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவான திருவிழா உறுமி மேளம், பஜனை, கல்யாண வாழ்த்து போன்றவற்றைப் பெரும்பாலும் எந்த நிறுவனமும் வெளியிட்டதில்லை. வெளியிடாதது செயலிக்குத் தானாக வந்துசேராது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியான பின் அந்தக் குரல்கள் தங்கியிருப்பது நாடாவில்தான்.

கேசட்டும் அழியுமே என்பார்கள். அழியும். நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படியும். அப்படியே ஓட்டினால் அது பிளேயரின் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், நாடாவும் கெடும். பிரதி எடுக்கவேண்டிய அவசரமே அதனால்தான். வீட்டில் கணினிக்கு மாற்றுவதென்றால் 60 நிமிடக் கேசட் 60 நிமிடம் ஓடியாக வேண்டும். பொறுமை வேண்டும், பெரிய செலவில்லை. அலமாரியில் அப்படி ஒரு தோட்டத்துக் கேசட் இருந்தால் தோட்டத்தின் பெயர், ஆண்டு, பாடியவர் யார் என்று இப்போதே எழுதி வையுங்கள். பிரதி எடுத்தபிறகும் மூல நாடாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.