நகரிக்கு எல்லை வந்த ஆண்டு

ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதியை ஒட்டி நம் சங்கக் கூட்டங்களில் மொழிவழி மாநிலம் அமைந்த வரலாற்றை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்வார். 1956-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்த கதை வரும். மார்ஷல் நேசமணியின் பெயர் வரும்போது கைதட்டுவோம். எல்லாம் சரியே. ஆனால் அந்தத் தேதி தெற்கு எல்லைக்குரிய தேதி. வடக்கு எல்லை அன்றைக்குத் தீரவில்லை. அது தீர்ந்தது 1960 ஏப்ரல் 1-ஆம் தேதியன்று. அந்த ஆண்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. நகரியில் வாழும் தமிழர்களுக்கோ அதுதான் ஆண்டு.

நகரி எங்கே இருக்கிறது என்று கேட்கும் வாசகர்களுக்குச் சிறு விளக்கம். சென்னையிலிருந்து காரிலோ பஸ்ஸிலோ திருப்பதி போனவர்கள் எல்லோரும் நகரியைக் கடந்தவர்கள்தான். திருத்தணி தாண்டி 20 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ரயிலில் போனால் அரக்கோணம் - ரேணிகுண்டா பாதையில் வரும். பக்கத்தில் ஏகாம்பரகுப்பம், அடுத்தது புத்தூர். எலும்பு முறிந்தால் 'புத்தூர் கட்டு' போட்டுக் கொள்ள நம்மவர்கள் ஓடுகிறார்களே, அதே புத்தூர். மூக்குப் போல் நீட்டிக் கொண்டிருக்கும் நகரி மலைச் சிகரம், அந்தக் காலத்தில் கடலில் வரும் மாலுமிகளுக்குக் கரையின் அடையாளமாக இருந்தது. ஊரில் தறிச் சத்தம் கேட்டுக் கொண்டே இருக்கும். நெசவுக் குடும்பங்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ், கடைத்தெருவில் பேசுவது தெலுங்கு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருவதும் உண்டு.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்கிறது. இலக்கியத்தின் எல்லை அது. நிர்வாகத்தின் எல்லையோ வேறு வழியில் நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சித்தூர்தான் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர் என்றால் இன்றைய இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். 1911 ஏப்ரல் 1-இல் வட ஆர்க்காட்டின் வட பகுதியையும், கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளையும் சேர்த்துத் தனியாகச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தார்கள். அப்போது யாருக்கும் கவலை ஏற்படவில்லை. எல்லாம் ஒரே சென்னை மாகாணம்தானே! ஆனால் தமிழும் தெலுங்கும் கலந்து வாழ்ந்த ஊர்கள் அன்றைக்கே ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டு விட்டன. பின்னாளில் அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கிக் கொடுப்பது எளிதாயிற்று.

தூக்கிக் கொடுத்த நாள் 1953 அக்டோபர் 1. தனி ஆந்திரம் கேட்டு உண்ணா நோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் சென்னையில் உயிர் துறந்தார். அடுத்த சில நாட்களில் பிரதமர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என்று அறிவித்தார். சென்னை நகரம் யாருக்கு என்ற சண்டையில் எல்லோருடைய கவனமும் இருந்தது. தலைநகரம் தமிழருக்குத் தங்கியது. சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துக்குப் போயிற்று. திருத்தணி, புத்தூர், நகரி, சித்தூர், திருப்பதி எல்லாம் சேர்ந்துதான் போயின. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். 1953-இல் திருத்தணியும் நகரியும் ஒன்றாகப் பிரிந்தன.

அதற்கு முன்பிருந்தே வடக்கு எல்லைக்காகக் குரல் கொடுத்தவர்கள் இருவரைக் கட்டாயம் நினைக்க வேண்டும். 1946-இல் தமிழரசுக் கழகம் கண்ட ம.பொ. சிவஞானம் ஒருவர். மற்றவர் மங்கலங்கிழார். இவர் அந்த வட்டாரத்திலேயே ஊர் ஊராகச் சென்று தமிழ் சொல்லிக் கொடுத்தவர். ம.பொ.சி. எல்லோரும் அறிந்த தலைவர். மங்கலங்கிழாரை இன்று பெரும்பாலோர் அறிய மாட்டார்கள். எல்லைப் போராட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்தது மேடைப் பேச்சால் மட்டும் அல்ல, அவரிடம் படித்தவர்களாலும்தான் என்பது என் எண்ணம். 1953-லேயே அவர் மறைந்து விட்டார்.

போராட்டங்களுக்குப் பின் இரு மாநிலங்களுக்கும் இடையே சமரசம் செய்ய எச்.வி. படாஸ்கர் நியமிக்கப்பட்டார். அவர் வகுத்த அளவுகோல் கேட்பதற்கு மிக எளிமையானது. தாலுகாவையோ மாவட்டத்தையோ பார்க்காமல் கிராமத்தை அலகாகக் கொள்ள வேண்டும். அங்கே எந்த மொழி பேசுவோர் பெரும்பான்மை என்று பார்க்க வேண்டும். அந்தக் கிராமம் சேர வேண்டிய மாநிலத்தோடு நிலத் தொடர்ச்சி உடையதாக இருக்க வேண்டும். இதன் அடிப்படையில் 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது இங்கே முதலமைச்சர் காமராசர். அங்கே அந்த ஜனவரியில்தான் தாமோதரம் சஞ்சீவய்யா பதவி ஏற்றிருந்தார்.

திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. பதிலுக்குச் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. சேலம் மாவட்டத்திலும் சில கிராமங்கள் மாறின. நகரி, புத்தூர், சித்தூர், திருப்பதி நின்ற இடத்திலேயே நின்றன. 1953-இல் சேர்ந்து பிரிந்த திருத்தணியும் நகரியும் 1960-இல் ஒன்றை ஒன்று பிரிந்தன.

இந்த இரண்டாம் பிரிவுதான் கடுமையானது. முதல் பிரிவுக்குப் பிறகு ஏழாண்டுகள் 'எப்படியும் திரும்பி விடுவோம்' என்ற எண்ணம் இருந்தது. ஏப்ரல் முதல் தேதியோடு அதற்கு இடமில்லாமல் போயிற்று. பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி கொண்டு போகும் கோயில் எல்லாம் அடுத்த மாநிலமாயின. பத்திரப் பதிவும் நிலவரியும் பாடப்புத்தகமும் தனித்தனியாயின.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். எல்லைச் சட்டம் நிறைவேறிய காலத்தில் குடியரசுத் துணைத் தலைவர் என்ற முறையில் மாநிலங்களவையின் தலைவராக இருந்தவரும் அவரே. அவர் பிறந்த ஊர் தமிழுக்கு வந்தது. கோடு எங்கே போட்டாலும் இரண்டு பக்கமும் இப்படிச் சிலர் நிற்கத்தான் செய்வார்கள்.

இந்த இடத்தில் தொலைதூரத்து நாடு ஒன்றைப் பார்ப்பது பயன் தரும். பிரிட்டனில் இங்கிலாந்தை ஒட்டியுள்ள வேல்ஸ் மக்களுக்குத் தனி மொழி உண்டு. அங்கும் எல்லையில் மான்மத்ஷயர் என்ற பகுதி வேல்ஸைச் சேர்ந்ததா, இங்கிலாந்தைச் சேர்ந்ததா என்று நெடுங்காலம் குழப்பமாகவே இருந்தது. 1972-இல் வந்த சட்டம் 1974 ஏப்ரல் 1 முதல் அதை வேல்ஸ் என்று முடிவு செய்தது. (1911, 1960, 1974, எல்லாமே ஏப்ரல் 1! அரசாங்கங்களுக்கு மக்களின் நாட்காட்டியை விட நிதியாண்டின் கணக்குப் பெரிது போலும்.) ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. லான்கெனெக் என்ற ஊரில் ட்ரெவர் பீஸ்லி, ஐலீன் பீஸ்லி என்று ஒரு தம்பதியர். வீட்டு வரிச் சீட்டு வேல்ஸ் மொழியில் வரும் வரை வரி கட்ட மாட்டோம் என்று 1952-இல் மறுத்தார்கள். பல முறை நீதிமன்றம் ஏறினார்கள். பியானோ முதல் வீட்டுச் சாமான்கள் ஜப்தியாயின. நகரிக்கு எல்லை விழுந்த அதே 1960-இல், எட்டாண்டுகளுக்குப் பிறகு, இரு மொழியிலும் அச்சிட்ட வரிச் சீட்டு அவர்கள் வீட்டுக்கு வந்தது. 1962-இல் சாண்டர்ஸ் லூயிஸ் பி.பி.சி. வானொலியில் தம் மொழியின் கதியைப் பற்றி ஆற்றிய புகழ் பெற்ற உரையில் இவர்களையே எடுத்துக் காட்டினார். அதன் பின் அங்கே மொழி இயக்கம் வலுத்தது.

நகரியிலும் கேள்வி இனி நிலம் பற்றியது அல்ல, காகிதம் பற்றியது. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்று 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே, 1949-இல், மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது: ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ, ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் அந்த மொழிக்கு ஆசிரியர் போட வேண்டும். சித்தூர் மாவட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் இந்த அடிப்படையில் நின்றவையே. ஆந்திர அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதவும் வழி செய்யப்பட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே கதை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2006-இல் தமிழ்நாடு கொண்டு வந்த தமிழ் கற்கும் சட்டம், ஓசூர் முதலிய பகுதிகளில் தெலுங்கு வழியில் படித்த பிள்ளைகளையும் தமிழைக் கட்டாயப் பாடமாகப் படிக்கச் சொன்னது. அவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஓசூர்த் தெலுங்கர் கேட்பதும் நகரித் தமிழர் கேட்பதும் ஒன்றேதான். ஒருவருக்கு நியாயம், மற்றவருக்குப் பிடிவாதம் என்று நாம் பேச முடியாது.

ஆனால் சட்டத்தை விடப் பெரிய மாற்றம் வீட்டில் நடக்கிறது. நகரிப் பக்கத்தில் வேலைக்குத் தெலுங்கு வேண்டும், மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும். எனவே பெற்றோர் ஆங்கிலப் பள்ளியைத் தேடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம் பிள்ளைகளை நாம் எங்கே சேர்த்திருக்கிறோம்? நாம் பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்கள். அவர்கள் எங்கும் போகவில்லை. வீட்டில் இருக்கும்போதே வெளிமாநிலத் தமிழர் ஆனார்கள். நமக்காவது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தச் சங்கம் இருக்கிறது. அங்கே சினிமா பார்க்கவும் பேசவும் தமிழ் தாராளமாக இருக்கிறது. அதே வீட்டுப் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

அந்தப் பக்கத்தில் உறவு உள்ள வாசகர்கள் பலர் இருப்பீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது விசாரித்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் வாத்தியாரைக் கேட்டு வாங்கலாம். ஒன்பது பேர் என்றால் அந்தக் கணக்கைக் காட்டிக் கேட்க முடியாது.