வாய்க்காலுக்கு மேற்கே ஓர் அறை

புதுச்சேரியில் தங்க இடம் தேடி முன்பதிவுச் செயலியைத் திறந்தால், ஒரே வீட்டைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களோ என்று சந்தேகம் வரும். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதிலுக்கு மேல் வழியும் காகிதப்பூ, உள்ளே நாலு பிரம்பு நாற்காலி. பெயர் ‘வில்லா’ என்றோ ‘மெசோன்’ என்றோ தொடங்கும். ‘பூட்டிக் ஹோட்டல்’, ‘பாரம்பரிய மாளிகை’ என்ற அடைமொழிகளும் கூடவே இருக்கும். இவற்றில் சில நிஜமாகவே நூறு வருடத்துக்கு மேற்பட்ட வீடுகள். சில அண்மையில் கான்கிரீட்டில் எழுப்பி மஞ்சள் அடித்தவை. சில புதுச்சேரியிலேயே இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன.

கடைசியில் சொன்னதைக் கண்டுபிடிப்பது எளிது, வரைபடத்தைப் பார்த்தால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் பக்கம் இருக்கும் விடுதிகள் பல, புதுச்சேரி என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. ஆரோவில் போக, மணலில் கால் வைக்க அவை வசதி. ஆனால் பழைய நகரத்தைக் காலாற நடந்து பார்க்க வருகிறவர் அங்கே அறை எடுத்தால், ஒவ்வொரு வேளையும் ஆட்டோக்காரரோடு பேரம் பேசியே பொழுது போய்விடும்.

பழைய நகரம் உண்மையில் சிறியது. சுற்றியோடும் புல்வார் சாலைகளுக்குள் அடங்கிய நீள்வட்டம். கிழக்கு மேற்காக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால். அதற்குக் கிழக்கே கடல்வரை ஒயிட் டவுன், மேற்கே தமிழர் பகுதி. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கிழக்கே அறை கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் பகலில் கிழக்கே சுற்றிவிட்டு இரவில் மேற்கே தூங்கலாம் என்பேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

‘முந்நூறு ஆண்டுப் பழைமையான பிரெஞ்சு மாளிகை’ என்று ஒயிட் டவுன் விடுதி ஏதாவது விளம்பரம் செய்தால் புருவத்தை உயர்த்துங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் இங்கே வந்தது உண்மை. ஆனால் 1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்த பிறகு, ஆங்கிலேயர்கள் கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் தரைமட்டமாக்கினார்கள். உடன்படிக்கைப்படி ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்ததும் 1765 முதல் பழைய வீதி அமைப்பின் மேலேயே புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். வீதிகள் நேர்கோட்டில் ஓடுவதற்கு, 1693 முதல் 1699 வரை ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் காரணம் என்பார்கள். ஆக, இன்று ஒயிட் டவுனில் நாம் பார்ப்பவை அநேகமாக அந்த அழிவுக்குப் பிந்தியவை. அதற்கு முந்திய வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வாய்க்காலைத் தாண்ட வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்து நாட்குறிப்பால் பெயர் பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் 1730-களின் வீடு மேற்கேதான் நிற்கிறது.

இரண்டு பக்கத்து வீடுகளின் சுபாவமும் வேறு. கிழக்கே வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயர்ந்த மதில், வளைவு வைத்த பெரிய கதவு, அதைத் தாண்டித் தோட்டம், அதற்கப்புறம்தான் வீடு. மேற்கே நேர்மாறு. தெருவோரம் மரத்தூண்களோடு தாழ்வாரம், அதன் கீழ் திண்ணை, உள்ளே முற்றம். கீழ்த்தளம் இப்படித் தமிழ் முறையில் இருக்க, மாடி மட்டும் பிரெஞ்சு பாணியில் வளைவு ஜன்னலும் சுதை வேலைப்பாடும் கொண்ட கலப்பு வீடுகளும் இங்கே உண்டு. வைசியாள் வீதியில் அப்படிப்பட்ட வீடுகளின் முகப்புகளை இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவித் திட்டத்தில் சீர்செய்து, 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. பெருமாள் கோயில் வீதியில் ‘மெசோன் பெருமாள்’ என்ற விடுதி இருப்பதும் இந்த ரகத்து வீட்டில்தான். பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அதே வீதியில் இருக்கிறது என்பதை ஹோட்டல்காரர்கள் சொல்ல மறந்தால் நீங்களே போய்ப் பாருங்கள்.

சரி, பழைய வீடா, வேஷம் போட்ட புது வீடா என்று படத்தை வைத்தே எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டிலைப் பார்க்காதீர்கள், கூரையைப் பாருங்கள். அந்தக் காலத்துக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவிட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் ஜல்லிக் காரை போட்டு அடித்து இறுக்குவார்கள். கட்டைகள் நெருக்கமாக இருக்கும். கொஞ்சம் கோணலும் இருக்கும். வழவழப்பான வெள்ளைக் கூரையில் ஒரே அளவில் ஆறு உத்தரம் ஒட்டியிருந்தால் அது அலங்காரம். அடுத்து ஜன்னல். பழைய சுவர் தடிமனானது. ஜன்னல் விளிம்பில் ஒரு குழந்தை சம்மணம் போட்டு உட்காரலாம். படத்தில் இவை இரண்டும் தெரியவில்லை என்றால், அறையின் கூரைப் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல பழைய வீட்டை வைத்திருப்பவர் அதைப் பெருமையோடு அனுப்புவார்.

பழைய வீடு என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. கடலோரத்துச் சுண்ணாம்புச் சுவருக்கு ஈரத்தை இழுத்துக் காற்றில் விடும் குணம் உண்டு. அதன் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். தரையிலிருந்து இடுப்பளவு உயரம்வரை உப்புப் பூத்துக் காரை பெயர்ந்திருந்தால் அதுதான் காரணம். ஏசி போட்டு மூடிய அறையில் அது ஈர வாடையாக வரும். விருந்தினர் எழுதும் மதிப்புரைகளில் ‘ஈர வாடை’ என்ற புகார் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ‘ஊழியர்கள் அன்பானவர்கள்’ என்பதைவிட அது பயனுள்ள தகவல். பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கடற்கரைச் சாலையின் மேரி என்ற நகராட்சிக் கட்டடமே சாட்சி. 1870-களின் அந்தக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது பழைய வடிவில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தது.

முற்றத்து வீட்டில் இன்னொரு சங்கதி. அறைகளின் ஜன்னல்கள் முற்றத்தைப் பார்த்துத் திறக்கும். அந்த முற்றத்தில்தான் ஹோட்டல் தன் உணவகத்தை வைத்திருக்கும். இரவு பதினோரு மணிக்கு யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக், காலை ஏழுக்குத் தட்டு அடுக்கும் சத்தம். வெளியாட்களுக்கும் உணவகம் உண்டா, எத்தனை மணிவரை என்று கேட்டுவிடுவது நல்லது. குளியலறை அந்தக் காலத்தில் வீட்டுக்குள் கிடையாது. அறையின் மூலையை மறித்துப் பிறகு சேர்த்தது. அதற்குக் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று கேளுங்கள். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் கீழ்த்தளம் கேட்க வேண்டும். படிகள் செங்குத்து, லிஃப்ட் அநேகமாக இருக்காது. மாடி அறை காற்றோட்டமானது என்றாலும் மே மாதத்தில் கூரைச்சூடு இறங்கும்.

இதெல்லாம் கேட்பதற்கு ஒரு அடிப்படைக் காரணம், இந்த விடுதிகளில் எந்த இரண்டு அறையும் ஒன்றுபோல் இருக்காது என்பது. செயலியில் முதல் படமாக வருவது வீட்டின் மிகச் சிறந்த அறை. முதலில் காட்டும் விலை பின்கட்டில் இருக்கும் சிறிய அறைக்கு. தொலைபேசியில் அழைத்து, அறையின் பெயரைக் கேட்டு, அந்த அறையின் படத்தையே பாருங்கள்.

இத்தனை பெரிய வீடுகள் ஏன் விடுதிகளாயின? 1962-ல் புதுச்சேரி இந்தியாவோடு சட்டபூர்வமாக இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அப்படித் தேர்ந்துகொண்ட குடும்பங்களும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய சொல்தா குடும்பங்களும் இங்கே நிறைய. அடுத்த தலைமுறை பிரான்ஸில். ஒரு வீட்டுக்கு ஏழெட்டு வாரிசு, எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். பூட்டிய வீட்டில் ஆலங்கன்று முளைக்கும். பிறகு ஒருநாள் இடித்து அடுக்குமாடி. நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கிற ஹோட்டல் வந்ததால்தான் பல வீடுகளுக்குக் கூரை நிற்கிறது. அதே ஹோட்டல்களால் ஒயிட் டவுனில் சில வீதிகளில் குடித்தனக்காரர்கள் அருகிப்போனதும் உண்மை. மேற்கே இன்னும் காலையில் கோலம் போடுகிறார்கள், தள்ளுவண்டியில் கீரை வருகிறது. நான் மேற்கைச் சொல்வதற்கு வீட்டமைப்பு பாதிக் காரணம் என்றால் இது மீதி. அதே தொகைக்குப் பெரும்பாலும் சற்றுப் பெரிய அறையும் கிடைக்கும். கோயில் ஒலிபெருக்கியையும் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையின் நெரிசலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலை ஒட்டிய அறையை மட்டும் எந்தப் பக்கத்திலும் எடுக்காதீர்கள்; கோடையில் நாற்றம் தாங்காது.

கடல் பார்த்த அறைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கடற்கரைச் சாலையை நோக்கிய சில விடுதிகளே கதி. அவற்றில் அரவிந்தர் ஆசிரமத்தின் பார்க் கெஸ்ட் ஹவுஸ் விலையில் சகாயம். ஆனால் மதுவும் புகையும் கூடாது, இரவில் குறித்த நேரத்தில் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை என்பதால், காரில் வருகிறவர்கள் நிறுத்துமிடத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நிறுத்துமிடம் பற்றிய இந்த எச்சரிக்கை பழைய நகரம் முழுவதற்கும் பொருந்தும். குதிரை வண்டிக் காலத்து வீடுகளில் கார் நிறுத்த இடம் ஏது?

விலையில் ஒரு சூட்சுமம். ஓர் இரவு வாடகை 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். 2025 செப்டம்பரில் வந்த விகிதம் இது. அதனால் 7,400 ரூபாய் அறைக்கு 7,770 கட்டுவீர்கள். 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் கடைசியில் 1,198 ரூபாயாகிவிடும். எல்லையை ஒட்டிய அறை என்றால் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். வார நாட்களில் சம்மதிப்பார்கள். சனி, ஞாயிறில் சென்னையும் பெங்களூரும் இறங்கிவிடுவதால் அந்தப் பேச்சே எடுபடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் ரத்து விதியைப் படித்துவிடுங்கள். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ம் தேதி, சரியாகப் புத்தாண்டுக் கூட்டம் வந்து இறங்கும் நாளில். ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் கடைசியில். அதுவும் வார இறுதிதான். புத்தாண்டு வாரத்துக்குப் பல விடுதிகள் பணத்தைத் திருப்பித் தருவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தேதியையாவது மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.