கைப்பேசியில் ‘ஆஃப்’, கோயில் அறையில் விடிய விடிய ‘ஆன்’

வெள்ளிக்கிழமை இரவு பூசை முடிந்தது. எங்கள் தாமான் கோயிலின் செயலாளர் வீட்டுக்குப் போனதும் கைப்பேசியை எடுத்து, ஒலிபெருக்கி அறையின் ஸ்மார்ட் பிளக்கை அணைத்தார். செயலியும் ‘ஆஃப்’ என்று காட்டியது. மறுநாள் அதிகாலை ஐயர் அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே அனல் அடித்தது. இரண்டு ஆம்ப்ளிபையர்களும் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. தூசி படாமலிருக்க அவற்றின் மேல் போர்த்தியிருந்த துணி, அப்போதுதான் இஸ்திரி போட்டது போலச் சுட்டது.

தீப்பிடிக்காதது கோயிலின் நல்ல நேரம்.

அதைப் பார்க்க அழைக்கப்பட்டவர் என் மாமா. கிள்ளான் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுபவர். இனி யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்று அந்தப் பிளக்கை வீட்டுக்குக் கொண்டு வந்து உடைத்தே காட்டினார். உள்ளே மிளகு அளவில் இரண்டு உலோகப் புள்ளிகள். பிரிந்திருக்க வேண்டியவை, பற்றவைத்தது போல ஒன்றாக ஒட்டியிருந்தன.

செயலாளர் கணக்குப் பார்க்காமல் வாங்கவில்லை. பிளக்கின் மேல் 16 ஆம்பியர், 3,680 வாட் என்று அச்சிட்டிருந்தது. இரண்டு ஆம்ப்ளிபையரும் சேர்ந்து இழுப்பது அதில் பாதிகூட இல்லை. பிறகு ஏன் இப்படி?

“வாட் கணக்கு சரிதான்மா. அந்த முதல் நொடிதான் கணக்குல இல்ல” என்றார் மாமா.

ஸ்மார்ட் பிளக்கின் உள்ளே இருப்பது ஒரு சிறிய மின்பலகையும் ரிலே என்ற சுவிட்சும்தான். கைப்பேசியிலிருந்து கட்டளை வந்ததும் ரிலேயில் உள்ள காந்தச் சுருள், அந்த இரண்டு உலோகப் புள்ளிகளையும் சேர்க்கிறது. கட்டளை நின்றால் ஒரு மெல்லிய ஸ்பிரிங் அவற்றைப் பிரிக்கிறது. அரிசிக் குக்கரோ இஸ்திரிப் பெட்டியோ ஓடத் தொடங்கும் கணத்திலும் பின்னரும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தைத்தான் இழுக்கும். பெட்டியில் போடும் ஆம்பியர் எண் பெரும்பாலும் இவ்வகைச் சாதனங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது.

பெரிய ஆம்ப்ளிபையர் அப்படிப்பட்டதல்ல. அதனுள்ளே கனமான டிரான்ஸ்பார்மரும், டப்பா டப்பாவாகக் கெப்பாசிட்டர்களும் இருக்கின்றன. சுவிட்ச் விழும் கணத்தில் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும். டிரான்ஸ்பார்மரின் இரும்பும் காந்தத்தில் மூழ்கித் திணறும். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தின் உச்சம் ஏறக்குறைய 325 வோல்ட். அந்தக் கணத்தில் அதைத் தடுக்கச் செம்புக் கம்பியின் சொற்பத் தடையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே சாதாரணமாக 3 ஆம்பியர் இழுக்கும் சாதனம், ஒரு சில மில்லி விநாடிகளுக்கு அதைப்போல் பத்து, இருபது மடங்கு இழுக்கும். ஆம்ப்ளிபையரைப் போட்டதும் விளக்கு ஒரு கணம் மங்குவதும், சில நாள் டிபி பெட்டியில் பிரேக்கர் விழுவதும் இதனால்தான். மின்னலையின் எந்தப் புள்ளியில் சுவிட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பாய்ச்சல் கூடும், குறையும். நேற்று விழாத பிரேக்கர் இன்று விழுவதில் மர்மம் ஒன்றுமில்லை.

அதே கணத்தில் ரிலேயின் புள்ளிகள் முட்டி, துள்ளி, மறுபடி முட்டுகின்றன. அந்தத் துள்ளலில் தீப்பொறி பறந்து உலோகம் உருகுகிறது. உருகியது குளிர்ந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். நூறு முறை தப்பித்து நூற்றோராவது முறை ஒட்டிக்கொள்ளலாம். இத்தகைய பாய்ச்சலுக்கென்றே சோதிக்கப்பட்ட ரிலேக்கள் உண்டு. அமெரிக்கத் தரத்தில் ‘டிவி-8’ என்ற குறியீடு பெற்றவை 117 ஆம்பியர் திடீர்ப் பாய்ச்சலைத் தாங்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது எந்த ரிலே என்பதை ஸ்மார்ட் பிளக்கின் பெட்டி பெரும்பாலும் சொல்வதில்லை.

‘ஸ்மார்ட்’ என்பதற்கு ‘விவேக’ என்று எழுதுவது நம் நாட்டு வழக்கம். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அந்தச் சொல்லின் மேல் பிரியம் உண்டு. ஆனாலும் இந்தப் பிளக்குக்கு அது கொஞ்சம் அதிகப்படியான பட்டம். செயலியில் தெரியும் ‘ஆஃப்’ என்பது ரிலேக்குக் கட்டளை போய்விட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. புள்ளிகள் உண்மையில் பிரிந்தனவா என்று பல பிளக்குகளுக்குத் தெரியாது. மின் அளவைக் காட்டும் வகையாக இருந்தால், அணைத்த பிறகும் வாட் எண் ஓடுகிறதா என்று பார்க்கலாம். சில செயலிகளில் அது தெரியும்.

கோயில் பிளக்கில் இன்னொரு கோளாறும் இருந்தது. இணையத்தில் வாங்கிய அதற்கு ஐரோப்பிய வகை உருண்டைக் கால்கள். நம் சதுரக்கால் சோக்கெட்டில் பொருத்த மலிவான அடாப்டர் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அத்தகைய அடாப்டர் பலவற்றில் எர்த் இணைப்பு கிடையாது. இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிபையருக்கு எர்த் இல்லையென்றால், உள்ளே ஓர் ஒயர் கழன்று பெட்டியைத் தொட்ட அன்று அதைத் தொடும் கைக்குப் பாதுகாப்பில்லை. இரைச்சலைக் குறைப்பதற்காக எர்த் காலையே வெட்டிவிடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மாமா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நம் மூன்று கால் பிளக்கின் உச்ச வரம்பு 13 ஆம்பியர், அதாவது சுமார் 3,000 வாட். அதே வடிவில் 16, 20 என்று எழுதி விற்றால் நம்ப வேண்டாம். எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலைக் காட்டும் சிரிம் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அப்படியானால் கோயிலிலும் மண்டபத்திலும் கைப்பேசியால் ஒலிபெருக்கியை இயக்கவே கூடாதா? கூடும். பிளக் ஆம்ப்ளிபையரின் சுமையைத் தூக்கக் கூடாது, கட்டளையை மட்டும் சுமக்க வேண்டும். ஸ்மார்ட் பிளக், காண்டாக்டர் என்ற பெரிய மின்காந்த சுவிட்சின் சுருளை மட்டும் இயக்கும். அதற்குச் சில வாட் போதும். ஆம்ப்ளிபையரின் மின்சாரம் காண்டாக்டரின் தடித்த உலோகப் புள்ளிகள் வழியாக ஓடும். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும். யூடியூப் பார்த்துச் செய்யும் வேலையல்ல.

வரிசையும் முக்கியம். போடும்போது மிக்சர் முதலில், ஆம்ப்ளிபையர் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப்ளிபையர் முதலில். மாற்றிச் செய்தால் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் ஹார்ன் ஸ்பீக்கரின் மெல்லிய சுருளைக் கொல்வது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புக் கட்டையில் மாட்டி ஒரே ஸ்மார்ட் பிளக்கில் போட்டால், இந்த வரிசையும் போயிற்று, எல்லாப் பாய்ச்சலும் ஒரே கணத்தில் சேர்ந்தும் வரும். இதற்கென்றே சீக்வென்சர் என்ற கருவி இருக்கிறது. ஒவ்வொரு சாதனத்தையும் சிறிது இடைவெளி விட்டு வரிசையாக ஏற்றி, அணைக்கும்போது தலைகீழ் வரிசையில் இறக்கும். அதற்கு முன்னால் ஸ்மார்ட் பிளக்கை மாட்டி மின்சாரத்தையே வெட்டினால் இறங்கும் வரிசை நடக்காது. வெளியிலிருந்து கட்டளை பெறும் முனை உள்ள சீக்வென்சராகப் பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டுக் கராவோக்கே, சவுண்ட் பார், சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு இவ்வளவும் வேண்டாம். நல்ல பிளக் ஒன்று போதும். புதிய வகை ஆம்ப்ளிபையர் பலவற்றில் முதல் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. சந்தேகமாக இருந்தால், ஒரு மணி நேரம் பாடவிட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, பிளாஸ்டிக் வாடை, இவற்றில் எது இருந்தாலும் அது குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

செயலியின் அமைப்பில், மின்தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இருக்கும். அதை ‘ஆஃப்’ என்று வைக்கவும். இல்லையேல் நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் திரும்பினால் ஆம்ப்ளிபையரும் திரும்பும். இடிமழை அடிக்கடி பெய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணைத்த ஸ்மார்ட் பிளக் இடிக்குப் பாதுகாப்பில்லை. ரிலேயின் இடைவெளி மிகச் சிறியது, மின்னல் அதை எளிதில் தாண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பதே வழி.

கோயிலில் இப்போது ஒயர்மேன் வந்து காண்டாக்டர் பொருத்திவிட்டார். சீக்வென்சர் வாங்க நிர்வாகக் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. துணி போர்த்துவதை மட்டும் ஐயர் நிறுத்திவிட்டார். இரவு நடை சாத்தும்போது சுவர் சுவிட்சையும் அவரே கையால் அணைத்துவிட்டுத்தான் அறையைப் பூட்டுகிறார்.