ஒளியையே முந்தப் பார்க்கும் இணையம்! தெரியுமா உங்களுக்கு?

● 1991-ல் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய முதல் எச்டிடிபி-யில் (பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ஒரு கோரிக்கை எவ்வளவு நீளம் தெரியுமா? ஒரே வரி! இருந்த கட்டளையும் ஒன்றே ஒன்று: ‘கெட்’!

● கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. பாய்கிறது! அப்புறம் ஏன் பக்கம் திறக்கத் தாமதம்? 10,000 கி.மீ. தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே 100 மில்லிநொடி போய்விடுமே! ஒளியை இன்னும் விரட்ட முடியாது. ஆனால் போய்வரும் நடையைக் குறைக்கலாமே? அதுதான் சூட்சுமம்!

● பழைய முறையில் எத்தனை நடை? இணைப்பு ஏற்படுத்த 1, பாதுகாப்புச் சாவியை முடிவு செய்ய 2. பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே 3 நடை காலி! கூகுளில் பிறந்த ‘க்விக்’ நெறிமுறையில் எல்லாம் சேர்த்தே 1 நடைதான்! முன்பே போய்வந்த சர்வரா? பூஜ்யம்! முதல் தகவல் பாக்கெட்டிலேயே கோரிக்கையும் கிளம்பிவிடும்!

● எச்டிடிபி 1.1 காலத்தில் பிரவுசர்கள் ஒரு சர்வருக்குப் பொதுவாக 6 இணைப்புகள் போடும். 2015-ல் வந்த எச்டிடிபி 2-க்கு எத்தனை வேண்டும்? ஒன்றே போதும்! அந்த ஒன்றிலேயே 100 கோரிக்கைகள்கூட ஒரே நேரத்தில் ஓடும்!

● சுருக்குவதிலும் எச்டிடிபி 2 கில்லாடி! அடிக்கடி வரும் தலைப்புத் தகவல்கள் 61-க்கு ஆளுக்கொரு எண் உண்டு. ‘இது கெட் கோரிக்கை’ என்று சொல்ல எத்தனை பைட்? ஒன்றே ஒன்று!

● ஒற்றைவழிச் சாலையில் ஒரு லாரி பஞ்சரானால் பின்னால் வருவதெல்லாம் நிற்குமல்லவா? எச்டிடிபி 2-ல் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அதே கதி! க்விக் மீது ஓடும், 2022-ல் தரநிலையான எச்டிடிபி 3-ல்? எந்தக் கோப்பின் பாக்கெட் தொலைந்ததோ அது மட்டும் காத்திருக்கும். மற்றவை பறக்கும்!

● டவுன்லோடு பாதியில் இருக்கும்போதே வீட்டு வைஃபையை விட்டு வெளியேறுகிறீர்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் ஐபி முகவரியே மாறிவிடுகிறது. இணைப்பு அறுமா? க்விக்கில் அறாமல் தொடரலாம்! ஏனென்றால் அது ஆளை அடையாளம் காண்பது முகவரியால் அல்ல, தனி இணைப்பு எண்ணால்!

● இத்தனை வித்தையும் எதன் முதுகில் சவாரி செய்கிறது தெரியுமா? 1980-ல் ஜான் போஸ்டல் எழுதிய யுடிபி! எச்டிடிபி 3-ஐவிட 42 வயது மூத்தது! தலைப்பு வெறும் 8 பைட்! அதன் மொத்த விதிமுறை ஆவணம் எத்தனை பக்கம்? மூன்றே மூன்று!