தமிழ்ப்பள்ளியில் மூன்று நாள்: நம்மால் ஆவது என்ன?

விடுமுறை நெருங்கினால் போதும், நம் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களிடையே சேவைப் பயணத்தைப் பற்றிய பேச்சு எழுந்துவிடும். எந்தத் தோட்டத்துப் பள்ளி, எத்தனை பேருந்து, சட்டைக்கு என்ன நிறம் என்று செயலவைக் கூட்டங்கள் நள்ளிரவு வரை நீளும். அங்குள்ள பிள்ளைகளுக்கு நாம் எதைக் கொண்டு போகிறோம் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அக்கேள்வியை முதலில் வைத்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் போகும் பள்ளி

மலேசியாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கம், 1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. தோட்டப் பள்ளிகள் பெருகியது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தன. பல இடங்களில் பள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

இன்று நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப் பள்ளிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் படிக்கும் ஒருங்கிணைந்த வகுப்புகளும் உண்டு. ஆசிரியர் ஒரு வரிசைக்குப் பாடம் நடத்தும்போது மறு வரிசை தானாகப் பயிற்சி செய்துகொண்டிருக்கும். ஆசிரியரிடம் அக்கறைக்குக் குறைவில்லை; குறைவது நேரம்தான்.

தேர்வு போனபின்

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் நமது பணி தெளிவாக இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கூட்டித் தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்கு நடத்துவோம். மாதிரி வினாத்தாள் கொடுப்போம். ஊக்கமூட்டும் உரையோடு முடிப்போம். 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டுவிட்டது. தன் வகுப்பு மாணவரின் அடைவை ஆசிரியரே ஆண்டு முழுவதும் மதிப்பிடும் முறை இப்போது நடப்பில் உள்ளது. பழைய கருத்தரங்கை அப்படியே தூக்கிக்கொண்டு போவதில் இனிப் பொருளில்லை. அப்படியானால் என்ன செய்வது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது மாணவர் உள்ள வகுப்பில் ஒரு மணி நேரப் பாடத்தை ஆசிரியர் சமமாகப் பங்கிட்டால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். நாம் இருபது பேர், அறுபது பிள்ளைகள் உள்ள பள்ளிக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு பிள்ளையோடும் இருபது நிமிடம் தனியாக அமர்ந்தால், மூன்று நாளில் ஒரு பிள்ளைக்கு முழுதாக ஒரு மணி நேரம் கிடைக்கும். வகுப்பில் இருபது பாடவேளைகளில் கிடைக்கும் பங்கு அது! பாடம் நடத்துவதில் ஆசிரியருக்கு நாம் ஈடாக முடியாது. ஒரு பிள்ளை வாசிப்பதை அருகிலமர்ந்து கேட்க நம்மால் முடியும்.

கேட்பது எப்படி?

தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், வாசிப்பில் பிள்ளை தடுக்கும் இடங்கள் சிலவே. முதலாவது, கொம்பு. 'கெ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது உயிர்க்குறி. வாயில் முதலில் எழுவதோ மெய்யொலி. 'கொ'வில் குறி இருபுறமும் நிற்கிறது. 'கௌ' பார்ப்பதற்குக் 'கெ'யும் 'ள'வும் போலவே இருக்கிறது. அடுத்தது, சுழிகள் வேறுபடும் 'ண', 'ன'. பின்னர், பேச்சில் வேறுபாடு மங்கிவிட்ட 'ல, ள, ழ'வும் 'ர, ற'வும். மற்றொன்று, வீட்டுப் பேச்சுக்கும் நூல் நடைக்கும் உள்ள தூரம். 'வந்துச்சு' என்று பேசும் பிள்ளைக்கு 'வந்தது' என்பதும் ஒருவகையில் புதிய சொல்லே.

ஆகவே, பிள்ளை வாசிக்கும்போது ஒவ்வொரு பிழைக்கும் குறுக்கிடாதீர்கள். வாக்கியம் முடியட்டும். எந்த எழுத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகவே ஒப்புவித்துவிடுவர். பத்தியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். வாசித்து முடித்ததும், "இதில் என்ன நடந்தது? உன் வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டும் திறமையும் பொருள் புரிதலும் வேறு வேறு என்பது அப்போது விளங்கும்.

புறப்படுமுன்னும் திரும்பியபின்னும்

தலைமையாசிரியரைச் சந்தித்து, பள்ளிக்கு எது தேவை என்று முதலில் கேட்க வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதி குறித்தும் அவரிடமே விசாரித்துக்கொள்ளலாம். பிள்ளையோடு அமர்வது எல்லார் கண்ணிலும் படும் இடத்தில், மண்டபத்திலோ சிற்றுண்டிச்சாலையிலோ இருக்கட்டும். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளின் படத்தை எடுத்து வெளியிடுவது வேண்டாம். நம் சேவைக்குச் சான்றாக எந்தப் பிள்ளையின் கிழிந்த காலணியும் ஊருக்குக் காட்டப்பட வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு நோட்டுப் புத்தகம். பிள்ளைக்கு ஒரு பக்கம்: எதைத் தானாக வாசித்தது, எங்கே தடுமாறியது, எந்தக் கதையை விரும்பியது. ஒரு பிரதி வகுப்பாசிரியருக்கு, மற்றொன்று நமக்கு. நம் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறது. புதிய செயலவை புதிய பள்ளியைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறது. "அண்ணா, அக்கா, மறுபடி எப்போது வருவீர்கள்?" என்று கேட்ட பிள்ளைக்கு விடை கிடைப்பதில்லை. பத்துப் பள்ளிகளுக்கு ஒருமுறை போவதைவிட ஒரு பள்ளிக்கு ஆண்டில் மூன்று முறை போவது மேல். நோட்டுப் புத்தகம் கைமாறினால், அடுத்த அணி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியிராது.

ஆறாம் ஆண்டை முடித்தபின் அப்பிள்ளைகள் மலாய்மொழி வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்வார்கள். தமிழை அதற்குள் சரளமாக வாசிக்கப் பழகாதவர், பிறகு தானாக ஒரு தமிழ்ப் புத்தகத்தை எடுப்பது அரிது. நாளைக்கு நம் பேரவையில் அமரவேண்டியவர்களும், இம்மலரைப் புரட்டவேண்டியவர்களும் அவர்களிலிருந்துதான் வரவேண்டும். பழைய மாணவர்களே, நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி இருக்கக்கூடும். வாரத்தில் இருபது நிமிடம் ஒரு பிள்ளை வாசிப்பதைக் கேட்கப் பேருந்தும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். பள்ளியின் அனுமதியும் உங்கள் பொறுமையும் போதும்.